அக்காவுக்கு யாரும் அளந்து பார்க்கவில்லை

மூத்திரம் பிடிப்பதுதான் என் வேலையாக இருந்தது. வேறு மாநிலத்தில் ஒரு பெரிய மிருகக்காட்சி சாலையில், மூன்று சிம்பன்சிகளுக்கு, பதினோரு வருஷம். காலையில் அவை எழுந்ததும் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் குந்திக்கொண்டு, நீளமான பிடி வைத்த கிண்ணத்தை உள்ளே நீட்டுவேன். பழகிய சிம்பன்சி கிண்ணத்தைப் பார்த்ததும் வலையோரம் வந்து நின்று பெய்துவிட்டு, திராட்சைக்குக் கை நீட்டும். பிடித்ததைச் சின்னக் குப்பியில் ஊற்றி, நாளும் நேரமும் எழுதி, ஃப்ரீசரில் வைக்க வேண்டும்.

எங்கள் ஊர் வடக்கனந்தலில் யார் கேட்டாலும் லேப் டெக்னீசியன் என்று மட்டும் சொல்வேன். அக்காவிடம்தான் உள்ளதைச் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடிப்பாவி, கரும்பு வெட்டி உன்ன படிக்க வச்சது கொரங்கு மூத்திரம் புடிக்கவா?"

எதற்காக அதைப் பிடிக்கிறோம் என்று அவளுக்கு விளக்கினேன். மூத்திரத்தில் ஹார்மோன் தெரியும். பயந்தாலும் தனியாகக் கிடந்தாலும் ஏறுகிற ஹார்மோன் ஒன்று. பெண் உடம்பில் மாதாமாதம் ஏறி இறங்கி, வயதானால் வற்றிப்போகிற ஹார்மோன் ஒன்று. இரண்டையும் அளந்து வைத்துக்கொள்வோம். அதோடு அந்தக் குரங்குகளுக்கு ஞாபகச் சோதனையும் உண்டு. வயதாக ஆக உடம்பில் எது குறைகிறது, புத்தியில் எது குறைகிறது, இந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. மனிதனுக்கு மிக நெருங்கிய விலங்கு என்பதால் அதில் தெரிவது நமக்கும் உதவலாம் என்றேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப கொரங்குக்குக் கூட நிக்குமா?" என்றாள். மாதவிலக்கைச் சொன்னாள். "ரொம்ப வயசானா நிக்கும்க்கா" என்றேன். "எனக்கு முப்பதிலியே நின்னுப்போச்சி, கொரங்கவிட நான் முந்திக்கினேன்" என்றாள். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன்.

அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். எனக்கு எட்டு வயதாகும்போது அம்மா இறந்தாள். அதற்குச் சில மாதம் முன்புதான் அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஊருக்குள்ளேயே வாழ்க்கைப்பட்டதால் என்னையும் கூடவே கூட்டிக்கொண்டு போனாள். மாமாவும் கூலி வேலைதான். கரும்பு வெட்டு, நெல் அறுப்பு, கல்வராயன் மலைமேல் மரவள்ளி பிடுங்குவது என்று இரண்டு பேரும் எங்கே ஆள் கூப்பிட்டாலும் போவார்கள். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து பத்தாம் நாள் போய்விட்டது. அதற்குப் பிறகு கரு நிற்கவில்லை. நான் படித்தேன்.

மூன்று சிம்பன்சிகளில் ஒன்று கிழவி. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் அவளைச் சொல்லுவோம். நாற்பத்தைந்துக்கு மேல் வயது. முதுகில் முடி உதிர்ந்து தோல் தெரியும். ஏதோ ஒரு சர்க்கஸில் இருந்து வந்தவள் என்பதால் தட்டைப் பார்த்தால் தலையில் கவிழ்த்துக்கொள்வாள். அவளுக்குத்தான் சோதனையில் எப்போதும் அதிக மதிப்பெண். ஒரு பலகையில் மூன்று கோப்பைகளைக் கவிழ்த்து, அவள் பார்க்கும்போதே ஒன்றுக்குள் வேர்க்கடலையை வைப்பேன். பிறகு அட்டையால் மறைத்து முப்பது வரை எண்ணிவிட்டுப் பலகையை வலைக்கு அருகே தள்ளுவேன். அவள் விரலால் தொடும் கோப்பையைத் திறந்து காட்ட வேண்டும். கிழவி யோசிக்கவே மாட்டாள். அட்டையை எடுத்த உடனே விரல் வந்துவிடும்.

அவளோடு இருந்த ஆண் சிம்பன்சி ஒரு கோடையில் இறந்துபோனது. அதன் கையைக் கிழவி அரை நாள் விடவில்லை. அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அவளுடைய மூத்திரத்தில் பயத்தின் ஹார்மோன் ஏறிக்கொண்டே போனது. பெண் ஹார்மோன் ஏற்கெனவே கம்மியாகிக்கொண்டு வந்திருந்தது. பெண் சிம்பன்சிக்கு மாதச் சுழற்சியில் பின்புறத்தில் வரும் வீக்கமும் ஒழுங்கு தப்பிப்போனது. சோதனையில் தவறு வர ஆரம்பித்தது. அப்போது ஒன்றைக் கவனித்தேன். விடை தெரியாதபோது கிழவி கோப்பைகளைப் பார்க்க மாட்டாள். என் முகத்தைப் பார்ப்பாள். எந்தக் கோப்பை என்பது என் முகத்தில் எங்கேயாவது எழுதியிருக்கும் என்பதுபோல.

ஆராய்ச்சியை நடத்திய பெண் விஞ்ஞானியை நாங்கள் மேடம் என்போம். "ஹார்மோன் கம்மியானதால்தானே மேடம் இப்படி?" என்று கேட்டேன். அவர் கோபப்பட்டார். "துக்கமா, வயசா, ஹார்மோனா, ஒரு உயிரை வச்சு எப்படிப் பிரிச்சுச் சொல்லுவீங்க? பார்த்ததை மட்டும் எழுதுங்க" என்றார். பார்த்ததை மட்டும் எழுதினேன்.

அந்த வருஷம்தான் அக்காவின் போன் பேச்சு மாறியது. மத்தியானம் கரும்புக் கொல்லையில் சாப்பாட்டு வேளைக்கு அவள் கூப்பிடுவது வழக்கம்.

"சாப்ட்டியா பாப்பா?"

"சாப்ட்டேன்க்கா."

"இன்னா சாப்ட்ட?"

"சோறு, பருப்புக் கொழம்பு."

"அங்க மழ பேயுதா?"

"இல்லக்கா."

"சரி சரி. சாப்ட்டியா?"

முதலில் கொல்லையில் சத்தமாக இருக்கிறது, காதில் விழவில்லை என்று நினைத்தேன். அப்புறம் ஒரே பேச்சில் மூன்று முறை, நான்கு முறை கேட்டாள். சில நாள் நான் போன் செய்தால் மாமா எடுத்தார். "பாப்பா, உங்கக்கா கொழம்புல உப்பு போட்டுட்டுப் போட்டுட்டு மறந்துடுது. வாயில வைக்க முடியல. மேஸ்திரி வேலைக்கு வர வேணாங்கறாரு. வெட்டுன கரும்ப கட்டுறதுக்கு பதிலு திரும்பத் திரும்ப வெட்டிக்கினே இருக்குதாம்."

அக்காவுக்கு அப்போது ஐம்பத்தொன்று. அந்த வயதுக்கு இது வர வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும். லீவு போட்டு ஊருக்கு வந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள். கட்டிப்பிடித்தாள். இளைத்திருந்தாள். மாமா வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் நானும் அவளும் தரையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். என்ன நினைத்தேன் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. கை பழக்கம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று எவர்சில்வர் டம்ளர்களை எடுத்து வந்து அவள் முன்னால் கவிழ்த்தேன்.

"இன்னா பாப்பா, வெளையாட்டா?"

"ஆமாங்க்கா. கடல எதுல வைக்கிறேன்னு பாத்துக்கோ."

நடு டம்ளரில் வைத்தேன். உடனே எடுத்தாள். கைதட்டினாள். அடுத்த முறை இடது டம்ளரில் வைத்துவிட்டு, துண்டால் மூடி, மழையைப் பற்றியும் பக்கத்து வீட்டு ஆட்டைப் பற்றியும் பேசிக்கொண்டே மனதுக்குள் முப்பது எண்ணினேன். துண்டை எடுத்தேன். "எதுலக்கா இருக்குது?"

அவள் டம்ளர்களைப் பார்த்தாள். வலது டம்ளரைத் திறந்தாள். காலி. மறுபடி வைத்தாள். பிறகு டம்ளர்களை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கண்ணை அங்கேயும் இங்கேயும் ஓட்டி என் நெற்றி, வாய், மறுபடி கண் என்று தேடினாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. அக்கா முட்டாள் இல்லை. பதினோரு வருஷம் போனில் என் வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவள்.

"என்ன கொரங்காட்டம் சோதிக்கிறியா?" என்றாள். குரலில் கோபமே இல்லை. பயந்திருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதிக்கோ பாப்பா. தெரியலன்னு எழுதிக்கோ."

மறுநாள் கள்ளக்குறிச்சியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதற்காக அவளுடைய பழைய சீட்டுகளைத் தேடினேன். ரேஷன் அட்டை, வேலை அட்டை எல்லாம் ஒரு துணிக்கடைப் பையில் போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். அதே பையில் அந்த ஆபரேஷன் தாள்களும் இருந்தன. அவளுக்கு இருபத்தொன்பது வயதில் உதிரப்போக்கு நிற்காமல் போய், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. கட்டடத்தில் செல்போன் கடை நடக்கிறது.

தாள் மடிப்பில் கிழிந்திருந்தது. விரித்துப் படித்தேன். கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுப்பதற்குச் சம்மதம் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. இருபத்தொன்பது வயதுப் பெண்ணின் உடம்பில் அந்த ஹார்மோன் ஊறுகிற இடமே சினைப்பைதான். அதை எடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு மாத்திரைகூட எழுதித் தரவில்லை. எடுத்தது இன்னதென்று யாரும் அவளுக்குச் சொல்லவும் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு பல வருஷம் அவள் உடம்பெல்லாம் எரிகிறது, தூக்கம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கரும்புக் கொல்லையில் வாய்க்கால் தண்ணீரை மொண்டு சேலையோடு தலையில் ஊற்றிக்கொள்வாள். சூட்டு உடம்பு என்றார்கள். மோர் குடி என்றார்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

தாளின் அடியில் கையெழுத்து இருந்தது. உறவு என்ற இடத்தில் தங்கை என்று எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. டெக்னீசியன் படிப்பில் முதல் வருஷம். மாமாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெருவிரல் ரேகை வைக்கப் போனவரை நர்ஸ் தடுத்து, "வூட்ல படிச்சவங்க யாரும் இல்லியா?" என்று கேட்டாள். நான் முன்னால் வந்தேன். தாளை வாங்கி முழுவதும் படித்தேன். அதை மறைக்க வழியில்லை. ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரிந்த வார்த்தை. பாடத்தில் படம் வரைந்து பாகம் குறித்த வார்த்தைகள். இதை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டதில் எனக்குப் பெருமையாக இருந்தது. அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அந்தத் தாளோடு வெளியே வந்து மேடத்துக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் மெதுவாகச் சொன்னார். "அது ஒரு காரணமா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். சாப்பாடு, வேலை, தூக்கமில்லாதது, வம்சம், எதுன்னு ஒரு ஆளை வச்சுச் சொல்ல முடியாது. உங்களுக்கே தெரியும்." எனக்குத் தெரியும். அவர் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, உண்மையைச் சொன்னார். ஆனால் ஒரு குரங்குக்குப் பதினோரு வருஷம் தினமும் அளந்து எழுதி வைத்தும் சொல்ல முடியவில்லை என்றால், ஒரு நாள்கூட அளக்காத என் அக்காவுக்கு யார் சொல்லப் போகிறார்கள்? அதை மேடத்திடம் கேட்கவில்லை. வேலையை விடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் இளைஞர். பொறுமையாகப் பேசினார். மூளை அவள் வயதுக்கு மீறிச் சுருங்கியிருக்கிறது என்றார். இனி ஹார்மோன் மாத்திரை கொடுத்துப் பயனில்லை, இந்த வயதில் கெடுதல்கூட வரலாம் என்றார். எலும்பும் ரொம்ப மெலிந்திருக்கிறது, விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அக்கா அவரைக் கும்பிட்டுவிட்டு, "நாளிக்கி வேலைக்கிப் போவலாங்களா?" என்று கேட்டாள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. காலையில் நான் போய்விடுவேன். மாமா அக்காவோடு இருப்பார். மத்தியானம் நான் வந்ததும் அவர் ஏதாவது வேலை தேடிப் போவார். அப்படிச் சில மாதம் ஓடியது. ஒரு நாள் பின்பக்கம் கால் கழுவப் போன மாமா திரும்பி வருவதற்குள் அக்கா கிளம்பிவிட்டாள்.

வடக்கனந்தலிலும் பக்கத்துக் கச்சிராயபாளையத்திலும் தெருத் தெருவாகத் தேடினோம். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். சாயங்காலம் மலை பஸ்ஸின் கண்டக்டர் சொன்னார்: "ஒரு அம்மா ஏறுனாங்க. எங்க போவணும்னு கேட்டேன். மரவள்ளி புடுங்கன்னாங்க. டிக்கெட் எடுக்கல, வயசானவங்கன்னு வுட்டுட்டேன். வெள்ளிமலைக்கி முன்னாடியே ஒரு வளைவுல நிறுத்தச் சொல்லி எறங்கிக்கினாங்க."

மழைக்காலம். மலைமேல் குளிர் எலும்பில் ஏறும். மறுநாள் முதல் பஸ்ஸில் நானும் மாமாவும் போனோம். கோமுகி அணையைத் தாண்டியதும் மூட்டம் பஸ் கண்ணாடியை மூடிவிட்டது. அந்த வளைவில் இறங்கி இரண்டு பக்கமும் கூப்பிட்டுக்கொண்டே நடந்தோம். சாலையோரத்துக் குரங்குகள் எங்கள் பையைப் பார்த்துக்கொண்டு கூடவே வந்தன. மாமா கல்லெடுத்து எறிந்தார். எறிந்துவிட்டுச் சாலையிலேயே உட்கார்ந்து அழுதார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. "நான் கழுவப் போனது ஒரு நிமிசம் பாப்பா. ஒரே நிமிசம்" என்றார்.

அதற்கு அடுத்த நாள் பகலில் கிடைத்தாள். சாலையிலிருந்து உள்ளே ஒரு மைல் தொலைவில், மலைக்காரப் பெண் ஒருத்தியின் மரவள்ளிக் கொல்லையில். அந்தப் பெண்தான் ஆள் அனுப்பித் தகவல் சொன்னாள். நாங்கள் போனபோது அக்கா அவள் வீட்டுச் சுவரில் சாய்ந்து, கம்பளி போர்த்திக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். இடது கையால் குடித்தாள். வலது மணிக்கட்டு வீங்கித் திரும்பியிருந்தது.

"காலையில கொல்லைக்கிப் போறேன், இந்தம்மா புடுங்கிக்கினு இருக்காங்க" என்றாள் அந்தப் பெண். "மொதல்ல திருடவந்தவங்கன்னு நெனச்சேன். பாத்தா மூணு வரிச புடுங்கி, மண்ணு தட்டி, வரிசையா அடுக்கி வச்சிருக்காங்க. இந்தக் கையோட. கை ஒடஞ்சிருக்குதும்மான்னா, வேல முடியட்டும்ங்கறாங்க. நானு ஒண்ணுஞ் சொல்லல. சோறு போட்டேன். நாளைக்கும் வரவான்னு கேட்டாங்க."

கிழங்கு இன்னும் முற்றவில்லை. அந்தப் பெண்ணுக்கு அது நஷ்டம். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கம்பளியையும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

நான் கொல்லைக்குள் போய்ப் பார்த்தேன். கிழங்குகள் கொத்துக் கொத்தாக ஒரே திசையில் தலைவைத்துக் கிடந்தன. இலைத்தண்டுகளைத் தனியாகக் கட்டி வைத்திருந்தாள். டம்ளருக்குள் வைத்த கடலையை முப்பது எண்ணுவதற்குள் தொலைத்தவளின் கைகளுக்கு இது முழுசாகத் தெரிந்திருந்தது.

கையில் கட்டுப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு மாமா அவள் காலைக் கட்டிலோடு கட்டினார். வேலை முடிந்து வந்து பார்த்தேன். மாட்டுக்குக் கட்டும் கயிறு. கணுக்காலில் துணி சுற்றி அதன்மேல் கட்டியிருந்தார்.

"இன்னா மாமா இது? மாடா இது?"

"வேற இன்னா பண்ணச் சொல்ற? நீ எட்டு மணிக்குப் போயிடற. நான் கொல்லைக்குப் போவணுமா வாணாமா? திரும்ப மலைக்குப் போயி குளிர்ல செத்துக் கெடந்தா நீ வந்து பதில் சொல்லுவியா?"

நான் கயிற்றை அவிழ்த்து வெளியே வீசினேன். கண்டபடி திட்டினேன். அவர் எழுந்து போய்விட்டார். மூன்று வாரம் கழித்து, மாமா காய்ச்சல் வந்து திண்ணையில் படுத்திருந்த காலையில், நானே அக்காவை உள்ளே விட்டுக் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டேன். அதற்குப் பிறகு தினமும் போட்டேன். கயிற்றைவிடத் தாழ்ப்பாள் நல்லது என்று சொல்லிக்கொண்டேன். தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் அவள் உள்ளேயிருந்து கதவைத் தட்ட மாட்டாள். ஜன்னலுக்கு வந்து நிற்பாள். நான் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடப்பேன்.

அந்த நாட்களில் ஒரு நாள் மேடம் போன் செய்தார். கிழவி இறந்துவிட்டதாகச் சொன்னார். நான் அப்போது அக்காவுக்குச் சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். "சரிங்க மேடம்" என்றேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல நினைத்ததுபோல் இருந்தது. கை ஈரமாக இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

கையெழுத்து விஷயத்தை அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் புரியும்போதே சொல்லியிருக்க வேண்டும். டம்ளர் நாளுக்கு மறுநாள், தாள் கிடைத்தபோதே சொல்லியிருந்தால் திட்டியாவது இருப்பாள். பயத்தில் தள்ளிப்போட்டேன். சொன்னபோது அவள் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. தலைக்கு ஊற்றி, வாசலில் வெயிலில் உட்காரவைத்துத் தலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்ததால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"அக்கா, உனக்கு வயித்துல ஆபரேசன் பண்ணாங்களே, ஞாபகம் இருக்குதா?"

"ம்."

"அப்ப ஒரு தாளுல கையெழுத்துப் போட்டாங்க. அதுல தப்பா ஒண்ணு எழுதியிருந்துச்சிக்கா. எடுக்கக் கூடாதத எடுத்துட்டாங்க. அதான் உனக்கு இப்படி ஆயிடுச்சோ இன்னாவோ. அந்தத் தாள..."

"கையெழுத்து என் தங்கச்சி போட்டுச்சி" என்றாள் அக்கா.

என் கை நின்றுவிட்டது.

"இங்கிலீசுல போட்டுச்சி. நர்சம்மாவே பாத்துக்கினு நின்னுச்சி. ஊட்டுக்காரு ரேகை வைக்கப் போனாரு, வாணாம் மாமா நான் போடறேன்னுச்சி. வார்டுல அல்லாருக்கும் சொன்னேன், என் தங்கச்சி காலேஜி படிக்குதுன்னு. வலியே தெரியல எனக்கு." கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். சிநேகமாகச் சிரித்தாள். "உனக்கு அதத் தெரியுமா? டவுனுல இருக்குது. நல்ல பொண்ணு."

தெரியும் என்றேன். சீப்பை எடுத்து மறுபடி சீவ ஆரம்பித்தேன். முடியில் எங்கே சிக்கு இருந்தது, எங்கே இல்லை என்று எனக்குத் தெரியவில்லை. "மெள்ள, மெள்ள" என்று மட்டும் அவள் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தாள். விழுங்குவது மறந்துபோனது. கஞ்சியை வாயிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தொண்டையைத் தடவிக் கொடுத்தால் இறங்கும். ஒரு நாள் இறங்காமல் புரையேறி, நெஞ்சில் சளி கட்டி, ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்து ஐப்பசியில் போய்விட்டாள். ஐம்பத்தைந்து வயது. துக்கத்துக்கு வந்த பெண்கள் எண்பது வயதுக் கிழவி மாதிரி ஆகிவிட்டாளே என்றார்கள். அவர்களில் எத்தனை பேருக்குக் கர்ப்பப்பை எடுத்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். சாவு வீட்டில் அப்படி உட்கார்ந்து எண்ணியது எனக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் எண்ணினேன். கருமாதி முடிந்ததும் மாமா எலவனாசூர்கோட்டையில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். மாதம் ஒருமுறை கூப்பிட்டு, "சாப்ட்டியா பாப்பா?" என்று கேட்பார். அதை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

எனக்கு இப்போது நாற்பத்துநான்கு. மாதவிலக்கு தள்ளிப்போகத் தொடங்கியிருக்கிறது. சில நாள் வேலையில் ஊசியின் பெயரோ ரத்தம் பிடிக்கும் குழாய் மூடியின் நிறமோ சட்டென்று வாயில் வராது. எல்லாப் பெண்களுக்கும் இந்த வயதில் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், பெரும்பாலும் சரியாகிவிடும் என்று படித்திருக்கிறேன். படித்ததை நம்ப முயற்சி செய்கிறேன்.

பரிசோதனை நிலையத்துக்கு ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைக்காகப் பெண்கள் வருகிறார்கள். போன மாதம் களமருதூர்ப் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்தாள். நாற்று நட்ட கை, விரலிடுக்கில் சேற்றுப்புண். சீட்டில் வயது இருபத்தெட்டு. கர்ப்பப்பை எடுக்கப் போகிறார்கள் என்றாள். கையில் ரப்பர் குழாயைக் கட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டேன்.

"சினைப்பையும் எடுக்கறாங்களாம்மா? அதக் கேட்டியா?"

"அதெல்லாம் எனக்கின்னாங்க தெரியும்."

"கேளு. அது நல்லா இருந்தா இந்த வயசுல எடுக்க வேணாம்மா. மருந்துல சரியாவுமான்னும் கேளு. வேற டாக்டரையும் ஒரு தரம் பாரு. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேளு."

அவள் பயந்துபோய் வெளியே நின்ற புருஷனைப் பார்த்தாள். அவன் போய் டாக்டரிடம் கேட்டிருக்கிறான். சாயங்காலம் என் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ரத்தம் எடுக்கறதோட நிறுத்திக்கோங்கம்மா. இப்படிப் பேசினா அங்கேருந்து ஒரு கேஸ் வராது" என்றார். சரி என்றேன். அந்தப் பெண் என்ன செய்தாள் என்று தெரியவில்லை. ரிசல்ட் வாங்க அவள் வரவில்லை, வேறு யாரோ வந்து வாங்கிப் போனார்கள்.

இந்த வாரம் மட்டும் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரிடமும் கேட்டேன். முதலாளி அறைக்குக் கேட்காதபடி, நரம்பு தேடுவதுபோல் குனிந்துகொண்டு கேட்டேன்.